பாகற்காய் வந்த கதை

நிஷிகசாய், டோக்கியோ
செப்டம்பர் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? நேற்றுகூட போனில் பேசினோம்தான். ஆனால் போனில் நீ "சாப்பிட்டியா" என்பாய், நான் "ஆச்சு" என்பேன், அதோடு சரி. இந்த வீட்டில் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது அப்படி ஒரு வார்த்தையில் முடிகிற கதை இல்லை, அதனால்தான் கடிதம்.

பெரியவன் மூன்றாம் வகுப்பு போகிறான் இல்லையா, மதியச் சாப்பாடு பள்ளிக்கூடத்திலேயே. 'க்யூஷோகு' என்பார்கள். மாதம் ஒரு தாள் வரும். எந்த நாளில் என்ன சமையல், என்னென்ன சாமான் போடுகிறார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். சாமான்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்திருப்பார்கள். சிவப்பு உடம்பு வளர, மஞ்சள் தெம்புக்கு, பச்சை உடம்பு சீராக இருக்க. நான் அந்தத் தாளில் மாட்டுக்கறி, பன்றிக்கறி வருகிற நாட்களுக்கு வட்டம் போட்டு வைத்து, அன்றைக்கெல்லாம் வீட்டிலிருந்து டப்பா கட்டிக் கொடுக்கிறேன். பரிமாறுவது பிள்ளைகளேதான். வெள்ளைத் தொப்பியும் மேலங்கியும் மாட்டிக்கொண்டு, முறை வைத்து. டீச்சரும் அதே வகுப்பில் உட்கார்ந்து அதையேதான் சாப்பிடுகிறார். கூடவே 200 மில்லி பால். சோறும் மீனும் பாலும்! உனக்கு நினைத்தாலே குமட்டும்.

வீட்டில் இவன் கத்தரிக்காயைத் தொடமாட்டான், உனக்குத் தெரியும். எத்தனை நாள் திட்டியிருப்பேன். ஒரு ராத்திரி ரசம் ஊற்றக் குனிந்தபோதுதான் பார்த்தேன், இவன் தட்டில் வலது ஓரமாக நாலு துண்டு வரிசையாக ஒதுங்கிக் கிடக்கிறது. எதிரே இவர் தட்டிலும் அதே வலது ஓரம், அதே வரிசை. இவர் போனைப் பார்த்துக்கொண்டே ஒதுக்குகிறார், பிள்ளை அவரைப் பார்த்துக்கொண்டே ஒதுக்குகிறது. நான் திட்ட வேண்டிய ஆள் வேறு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. திட்டினேன். பலன் ஒன்றுமில்லை.

மாறியது பள்ளிக்கூடத்தால்தான். அங்கே பக்கத்துப் பையன் தின்கிறான், டீச்சர் தின்கிறார், இவனும் தின்கிறான். ஒரு நாள் வந்து, "நீ ஏம்மா கீரையில எள்ளு போடறதில்லை?" என்று கேட்டான். இப்போது மசியலில்கூட வறுத்த எள் தூவுகிறேன். உன் கையால் ஒரு கொட்டு வாங்க வேண்டிய காரியம், ஆனால் கிண்ணம் காலியாகிறது. சின்னவள் அண்ணன் எதைத் தொட்டாலும் தனக்கும் வேண்டும் என்பாள். அவன் 'நாட்டோ' கேட்கப் போய், இப்போது அவளும் கேட்கிறாள். சோயா பயறு புளித்துப் போய், குச்சியால் கிளறினால் நூல் நூலாக வரும். சாதம் நூல் விட்டால் கொட்டு என்று சொல்லி வளர்த்தவள் நீ. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு பரிமாறுகிறேன்.

சரி, பாகற்காய்க்கு வருகிறேன். இங்கே அதற்கு 'கோயா' என்று பெயர். வெயில் உள்ளே வராமல் இருக்க ஜன்னலுக்கு வெளியே வலை கட்டிக் கொடியை ஏற்றிவிடுவார்கள். இவன் பள்ளிக்கூடத்திலும் அப்படி ஒரு பச்சைத் திரை. போன வாரம் செய்தித்தாளில் சுற்றி ஒரு காய் கொண்டுவந்தான். பட்டாணி அளவு முடிச்சு முடிச்சாக, நம் ஊர்க் காயைவிடக் குண்டு. தேங்காய் போட்டு வதக்கினேன். இவர் தட்டை நகர்த்தப் போனார். "அப்பா, இது நான் தண்ணி ஊத்தினது" என்று இவன் எதிரே உட்கார்ந்துவிட்டான். அம்மா, ஏழு துண்டு. நான் எண்ணினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய் தண்ணீர். மாமியார் அத்தனை வருஷம் செய்தும் ஒரு துண்டு தொடாத மனுஷர்! ஞாயிற்றுக்கிழமை கடையில் அந்தக் காயை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். அதுவரைக்கும் வந்ததே பெரிது.

அப்புறம் பாத்திரம் கழுவும்போது ஒன்று தோன்றியது. நம் வீட்டில் பாகற்காயே வாங்கியதில்லை. அப்பாவுக்குப் பிடிக்காது. அதனால் எனக்கும் பிடிக்காது என்றே கல்யாணம் வரை நினைத்திருந்தேன், வாயில் வைத்துப் பார்க்காமலே. மாமியார் வீட்டில் சாப்பிட்டுப் பார்த்தபோது, இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

உனக்குப் பிடிக்குமா அம்மா? இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. அடுத்த தடவை போன் பண்ணும்போது சொல். அப்பா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.

அன்புடன்,
உன் மகள்