மோட்டாரை நிறுத்திப் பாருங்கள், அப்புறம் தொட்டியை உடைக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், வீட்டுக் கொல்லையில் மீன் குளமும் குட்டி அருவியும் அமைப்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணைப் பறித்தன. எவ்வளவு செலவாகும், எந்த மீன் விடலாம் என்பதையெல்லாம் விவரமாகச் சொல்லியிருந்தார்கள். அந்த அருவி ஒழுக ஆரம்பித்தால் என்ன செய்வது என்று மட்டும் ஒரு வரி கூட இல்லை. இரண்டு வருடம் அதோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு கோவை பீளமேட்டில். நான் பஞ்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். 2018இல் கொல்லையில் 10 அடிக்கு 6 அடி அளவில் சிமெண்ட் தொட்டி கட்டி, அதன் தலைமாட்டில் மண்ணைக் குவித்து, மேலே கல்லும் கலவையுமாக நான்கு அடி உயரத்துக்கு மூன்று படி அருவி வைத்தோம். ஐந்து வருடம் எந்தத் தொந்தரவும் இல்லை. அப்புறம்தான் தினமும் காலையில் குளத்தில் இரண்டு அங்குலம் தண்ணீர் குறைந்திருப்பதைக் கவனித்தோம். என் மனைவி காலையில் வாசல் தெளித்த கையோடு குழாயைத் திறந்து குளத்தை நிரப்புவது வழக்கமாகிவிட்டது.

இரண்டு அங்குலம் என்றால் கேட்கச் சின்ன விஷயமாகத்தான் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் குளத்தின் பரப்புக்கு அது ஏறத்தாழ 280 லிட்டர். நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று அரசு கணக்கு வைத்திருக்கிறது. இரண்டு பேருக்கான தண்ணீர் தினமும் மண்ணுக்குள் போயிருக்கிறது. அதுவும் சிறுவாணியிலிருந்தும் பில்லூரிலிருந்தும் குழாய் போட்டு இந்த ஊருக்குக் கொண்டுவரும் குடிநீர். இதை எழுதும்போதும் எனக்கு மனசு வலிக்கிறது.

முதலில் வந்த மேஸ்திரி குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "தொட்டி போயிருச்சுங்க ஐயா, உடைச்சுட்டுப் புதுசாப் போட்டரலாமுங்க" என்றார். அடுத்து வந்தவர் உடைக்க வேண்டாம், உள்ளே நீர்க்காப்புப் பூச்சு அடித்தால் போதும் என்றார். போன வருடம் மீன்களை டிரம்மில் மாற்றி, தொட்டியைக் காயவைத்து, 18,000 ரூபாய் செலவில் பூச்சு அடித்தோம். தண்ணீர் கட்டி வைத்து, இரண்டு மூன்று தடவை மாற்றிய பிறகுதான் மீனை விட வேண்டும் என்று அவர் சொல்லத்தான் சொன்னார். டிரம்மில் மீன்கள் தவிப்பதைப் பார்க்க முடியாமல் நான் மூன்றாம் நாளே விட்டுவிட்டேன். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கித் தண்ணீரின் காரத்தன்மை ஏறிவிடும், மீன் அதைத் தாங்காது. ஆறு வருடம் வளர்ந்த இரண்டு கோய் மீன்கள் செத்தன. அது முழுக்க என் தப்பு. இவ்வளவுக்கும் பிறகு ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அதே இரண்டு அங்குலம் குறைந்துகொண்டிருந்தது.

இந்த ஏப்ரலில் பக்கத்து வீட்டு அம்மா, "அண்ணா, இதைக் கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். அருவிக்குப் பின்னால் இருக்கும் காம்பவுண்டுச் சுவர் அவர்கள் பக்கம் ஓதம் ஏறி, முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. விரலால் தொட்டால் பூச்சு மாவாக உதிர்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர் குளத்திலிருந்து போகவில்லை, அருவியிலிருந்து போகிறது.

மில்லில் ஒரு லைனில் கோளாறு என்றால் பாதி பாதியாகப் பிரித்துத்தான் பார்ப்போம். அதையே இங்கே செய்தேன். ஒரு நாள் மாலை ஆறு மணிக்குக் குளத்தை நிரப்பி மோட்டாரை நிறுத்தினேன். மீனுக்குக் காற்று வேண்டுமே, அதற்காகச் சின்ன ஏர் பம்பை மட்டும் ஓடவிட்டேன். நீர்மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு. ஒரு பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி, அடியில் கல் வைத்து, குளத்துக்குள்ளேயே நிற்க வைத்து அதிலும் ஒரு கோடு. வெயிலில் எவ்வளவு வற்றுகிறது என்பதை அந்தப் பக்கெட் சொல்லிவிடும். மறுநாள் மாலை பார்த்தபோது பக்கெட்டில் 6 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது, குளத்திலும் அதே 6 மில்லிமீட்டர். அதாவது தொட்டியில் துளி ஓட்டை இல்லை. பைசா செலவில்லாத இந்தச் சோதனையை முதலிலேயே செய்திருந்தால் அந்த 18,000 ரூபாய் போயிருக்காது, மீன்களும் பிழைத்திருக்கும்.

அடுத்த சந்தேகம், மோட்டாரிலிருந்து அருவியின் உச்சிக்கு மண்ணுக்குள் போகும் குழாய் மேல். மேலே குழாய் முடியும் இடத்தில் ஒரு ஹோஸை மாட்டி, படிகளில் விழாமல் தண்ணீரை நேராகக் குளத்துக்கே திருப்பி ஒரு நாள் மோட்டாரை ஓட்டினேன். வெயிலில் வற்றியதற்கு மேல் மட்டம் குறையவில்லை. ஆக, மூன்று படிகள்தான் பாக்கி.

இரண்டாவது படியில் மோட்டார் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் தண்ணீர் தேங்கி நிற்கும். ஊசி இல்லாத சிரிஞ்சில் இரண்டு மில்லி பால் எடுத்துக்கொண்டு, கல்லும் கலவையும் சேரும் இடமெல்லாம் ஒவ்வொரு சொட்டாக விட்டேன். மற்ற இடங்களில் பால் அப்படியே புகை போல மெதுவாகக் கீழே இறங்கியது. இடது மூலையில் ஒரு பட்டைக்கல் ஓரத்தில் மட்டும் வெள்ளை நூல் மாதிரி நீண்டு, வளைந்து, கல்லுக்கு அடியில் புகுந்து மறைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு சொட்டு விட்டேன். அதுவும் அதே வழியில் போனது. விரல் நகம் கூட நுழையாத விரிசல் அது. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

தண்ணீர் நிரப்பிய டியூபைப் பிடித்து மட்டம் பார்த்ததில், அந்தப் படியின் இடது விளிம்பு வலதைவிட அரை அங்குலம் தாழ்ந்திருந்தது. காரணம் எங்கள் மண். பீளமேட்டில் கரிசல். மழையில் வீங்கும், வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். திமிசு போட்டு இறுக்காமல் குவித்த மண்மேட்டின் மேல் கலவையைக் கொட்டினால், மண் அசையும்போதெல்லாம் மேலே இருப்பது விரியத்தான் செய்யும். விரிசலை மட்டும் சிமெண்ட் வைத்து அடைத்தால் அடுத்த கோடையில் அதன் பக்கத்திலேயே இன்னொன்று திறக்கும். போதாக்குறைக்கு, அழகுக்காக ஓரத்தில் நட்ட வல்லாரை வேர் விட்டு வாய்க்காலை அடைத்து, தண்ணீரை மேலே எழும்ப வைத்திருந்தது. ஓரத்துப் புல் விளக்குத் திரி எண்ணெய் இழுப்பது போலத் தண்ணீரை வெளியே உறிஞ்சிக்கொண்டிருந்தது.

சரி செய்ய எங்களுக்கு நான்கு நாள் ஆனது. கல்லையெல்லாம் எடுத்து, கலவையைக் கொத்தி, மண்ணை நனைத்து இறுக்கி, கூர்முனை குத்தாமல் இருக்கப் பழைய பாலியஸ்டர் புடவைகளை விரித்தோம். அதன் மேல் ஈபிடிஎம் ரப்பர் ஷீட்டை உச்சியிலிருந்து குளம் வரை ஒரே துண்டாகப் போட்டோம். பண்ணைக்குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் பிளாஸ்டிக் ஷீட் விலை குறைவுதான், ஆனால் அது விறைப்பாக நிற்கும், படிகளில் மடிந்து உட்காராது. ஷீட்டின் இரண்டு ஓரங்களையும் அரை அடி உயரத்துக்கு மேலே தூக்கிவிட வேண்டும். கீழ் நுனி குளத்துக்குள் தொங்க வேண்டும். துண்டு சேர்க்க வேண்டி வந்தால், ஓடு வேய்வது போல மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் ஒரு அடியாவது ஏறியிருக்க வேண்டும். கல்லை அதன் மேல் அடுக்கி, இடுக்குகளில் கதவுச் சட்டத்துக்கு அடிக்கும் ஃபோமை அடித்தால் தண்ணீர் கல்லுக்கு அடியில் ஓடாமல் மேலே விழும். வெயிலில் அந்த ஃபோம் பொடிந்துவிடும் என்பதால், காய்வதற்கு முன்பே மணலைத் தூவி மறைத்தோம். ஒரு நாள் நன்றாகக் காய்ந்த பிறகே மோட்டாரைப் போட்டோம். எல்லாம் சேர்த்து ஆன செலவு அந்தப் பூச்சுக்குக் கொடுத்ததில் பாதி கூட இல்லை.

இப்போது வெயில் நாளில் 7, 8 மில்லிமீட்டர் குறைகிறது. ஆவியாவதும் தெறிப்பதும்தான் அது. பக்கத்து வீட்டுச் சுவர் காய்ந்துகொண்டிருக்கிறது. உப்பைச் சுரண்டி மறுபடி பூசித் தருவதாக அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

வந்த மேஸ்திரிகள் மேல் எனக்கு வருத்தமில்லை. கட்டத் தெரிந்தவர்கள், கட்டுவதைப் பற்றித்தான் சொல்வார்கள். ஆனால் உங்கள் பத்திரிகையைப் பார்த்து இந்தக் கோடையில் எத்தனையோ பேர் அருவி வைக்கப் போகிறார்கள். அவர்களுக்காக, ஒழுகலைக் கண்டுபிடிப்பது பற்றியும் படங்களோடு ஒரு பக்கம் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். படம் வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக்கே ஆள் அனுப்பலாம். அந்தப் பென்சில் கோடு இன்னும் தொட்டிச் சுவரில் அழியாமல் இருக்கிறது.

இப்படிக்கு,
பஞ்சாலை ஓய்வூதியர் ஒருவர்,
பீளமேடு, கோவை.