மீட்டரில் 47 காட்டினால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறுதொழில் செய்பவர்கள் உதிரிபாகத்தை ரெடிமேடாக வாங்காமல் உள்ளூரில் செய்துகொண்டால் செலவு குறையும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். மற்றதற்கு எப்படியோ, பவர் சப்ளைக்குள் இருக்கும் இண்டக்டருக்கு, அதாவது கரண்டைச் சீராக்கும் செம்புக் கம்பிக் காயிலுக்கு, இது எல்லா நேரமும் பொருந்தாது. நஷ்டப்பட்டுத்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

நாமக்கல்லில் லாரிகளுக்கு கன்வெர்ட்டர் செய்கிறோம். லாரி பேட்டரி 24 வோல்ட், உள்ளே இருக்கும் பாட்டு செட்டுக்கும் சார்ஜருக்கும் 12 வோல்ட் 5 ஆம்பியர் வேண்டும். முதலில் 47 மைக்ரோ ஹென்றி (இண்டக்டரின் திறனைச் சொல்லும் அளவு) ரெடிமேட் இண்டக்டர்தான் போட்டோம். ஆர்டர் கூடியதும், ஒன்றுக்கு 11 ரூபாய் மிச்சம் என்று காயில் சுற்றுபவரிடம் கொடுத்தோம். சாம்பிள் 18 சுற்று, அருமையாக ஓடியது. அப்புறம் சித்திரை வெயிலில் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, எல்லாவற்றிலும் கரண்டை விட்டு விட்டு அனுப்பும் ஸ்விட்ச்சான மாஸ்ஃபெட் வெடித்திருந்தது.

பிரித்து எண்ணினால் 14 சுற்றுதான். காயிலுக்குள் இருக்கும் காந்தப் பொருளான ஃபெரைட் கோரில் விடும் கேப்பை, அதாவது இடைவெளியைக் குறைத்துவிட்டால் குறைந்த சுற்றிலேயே அதே 47 வந்துவிடும், செம்பும் மிச்சம், ஹென்றியை அளக்கும் எல்சிஆர் மீட்டரிலும் குறை தெரியாது. ஆனால் கோருக்குள் காந்தப்புலம் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடிவிடுகிறது. ஃபெரைட்டோ 100 டிகிரி சூட்டில், சாதாரண சூட்டில் தாங்குவதைவிட சுமார் 20 சதவீதம் குறைவாகத்தான் தாங்கும். அந்த எல்லையைத் தாண்டினால் இண்டக்டர் வெறும் கம்பி மாதிரி ஆகிவிடும், கரண்ட் கட்டுக்கடங்காமல் ஏறும். மீட்டர் சில மில்லி ஆம்பியரில் அளக்கிறது, எங்கள் பெட்டியில் உச்சம் 5.7 ஆம்பியர், பிறகு அதில் எப்படித் தெரியும்?

காயில் சுற்றியவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் கொடுத்த தாளில் '47 மைக்ரோ ஹென்றி, 5 ஆம்பியர்' என்பதைத் தவிர ஒன்றுமே இல்லை. எந்த கோர், எத்தனை சுற்று, எவ்வளவு கேப், முழு கரண்டில் சூட்டோடு எவ்வளவு ஹென்றி நிற்க வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும்.

அதனால் என் கருத்து, சில நூறு பெட்டி போடுகிறவர்கள் கடையில் கிடைக்கும் 33, 47, 68 என்ற அளவுக்குத் தக்கபடி சர்க்யூட்டை அமைத்து ரெடிமேடே வாங்குங்கள். விலையில் அந்தக் கம்பெனி செய்த சோதனையும் சேர்ந்திருக்கிறது. அதிலும் சாச்சுரேஷன் கரண்ட் (கோர் தாங்கும் கரண்டின் எல்லை) என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள், ஒருவர் ஹென்றி 10 சதவீதம் விழும் இடத்தைச் சொல்வார், இன்னொருவர் 30 சதவீதம் விழும் இடத்தை, அதுவும் பெரும்பாலும் 25 டிகிரியில். இரண்டு காயில் ஒரே கோரில் வேண்டும், பெட்டியின் உயரத்துக்குள் அடங்க வேண்டும், கரண்ட் மிக அதிகம் என்றால் சுற்றத்தான் வேண்டும், அதை நம் ஊர்க்காரர்கள் நன்றாகவே செய்வார்கள்.

இப்போதும் ஒரு மாடலுக்கு அவரிடமே சுற்றுகிறோம். ஒவ்வொரு லாட்டிலும் ஐந்தை எடுத்துச் சூடாக்கி, கரண்ட் செலுத்தி, அது ஏறும் விதத்தைத் திரையில் கோடாகக் காட்டும் ஸ்கோப்பில் பார்க்கிறோம். ஸ்கோப் வாங்க முடியாத பட்டறைகள் நிறைய இருக்கின்றன. மாவட்டத்தில் உள்ள பாலிடெக்னிக்குகள் சிறு கட்டணத்துக்கு இந்தச் சோதனையைச் செய்து கொடுக்க முன்வர வேண்டும், இதை உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிறுதொழில் உற்பத்தியாளர்,
நாமக்கல்