கோட் பாக்கெட்ல இருந்தது

பாப்பா,

நல்லா இருக்கியா. டயர்ல காத்து செக் பண்ணியா? குளிர் வந்தா பிரஷர் தானா எறங்கிரும்னு போன வருஷமே சொன்னேன். ஒஹாயோல ஸ்னோ ஆரம்பிச்சாச்சுனு நியூஸ்ல சொன்னான். வேளைக்கு சாப்பிடு. கருவேப்பிலைச் செடிய உள்ள எடுத்து வெச்சுட்டேன், இந்த தடவையாவது பொழைக்குதானு பாப்போம்.

ஃபோன்ல கேட்டா "ம்", "சரிப்பா", அதுக்கு மேல வாய தொறக்க மாட்டேங்குற, அதான் டைப் பண்றேன். தீபாவளிக்கு வந்தப்ப வெள்ளை கோட்ட விட்டுட்டுப் போயிட்டல்ல, வாஷர்ல போட்டா டங்கு டங்குனு ஒரே சத்தம், நிறுத்திப் பாத்தா பாக்கெட்டுக்குள்ள ஒரு பின்னு. பாட்டியோட தோடு இருக்குமே, அந்த அளவுதான். கண்ணாடி போட்டுப் படிச்சேன். கோல்ட் ஹியூமனிசம் ஆனர் சொசைட்டி, மனுஷத்தன்மையோட நடந்துக்கற மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸுக்கு குடுக்கற கௌரவமாம்.

ராத்திரி ஒரு மணி வரைக்கும் கம்ப்யூட்டர்ல தேடினேன். 2002ல ஆரம்பிச்சதாம். கொலம்பியா யுனிவர்சிட்டில குழந்தைங்க நரம்பு டாக்டரா இருந்த அர்னால்ட் கோல்டு, அவரோட ஃபவுண்டேஷன். 1993ல வெள்ளை கோட் போட்டுவிடற விழாவ கொண்டுவந்ததும் அவங்கதானாம், உன் விழால நான் வீடியோவ ஆன் பண்ணாமலே பத்து நிமிஷம் புடிச்சேனே, அதேதான். இதுக்கு கூடப் படிக்கிற பசங்களே பேர் குடுக்கணுமாம். நம்ம வீட்டு ஆளுக்கு உடம்பு சரியில்லன்னா யார்கிட்ட விடுவோம்னு யோசிச்சுக் குடுப்பாங்க போல. உன் பேர குடுத்திருக்காங்க. நீ சொல்லல.

ஏன்னு கேக்கல. எனக்கே தெரியுது. ஆல்ஃபா ஒமேகா ஆல்ஃபா, நல்லா படிக்கிற மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ சேத்துக்கற இன்னொரு ஆனர் சொசைட்டி, அந்த ஏ.ஓ.ஏ. என்னாச்சு, ஏ.ஓ.ஏ. என்னாச்சுனு எத்தன தடவ கேட்டுட்டேன். பக்கத்து டவுன் மாலா ஆன்ட்டி பையனுக்கு கெடச்சதுல இருந்து எனக்கு தூக்கமே இல்ல. டாக்டர் லைசென்ஸுக்கான முதல் பரீட்சை, அந்த ஸ்டெப் ஒன்ன 2022லயே மார்க் இல்லாம வெறும் பாஸ் ஃபெயில்னு மாத்திட்டாங்க, அப்ப படிப்பு முடிஞ்சு ஆஸ்பத்திரில டிரெய்னிங் எடுக்கற ரெசிடென்சிக்கு எத வெச்சு எடுப்பான், இதாவது இருக்கட்டுமேன்னு ஒரு பயம்தான். ஏ.ஓ.ஏ. கதையும் படிச்சேன். 1902ல சிகாகோல வில்லியம் ரூட்னு ஒரு ஸ்டூடண்ட், மெடிக்கல் ஸ்டூடண்ட்னாலே அடாவடின்னு இருந்த பேர் பொறுக்காம சில பேர சேத்து ஆரம்பிச்சானாம். வேதனைப்படுறவங்களுக்கு சேவை பண்ற தகுதியோட இருன்றதுதான் அவங்க வாசகமே. நான் அத வெறும் ராங்க் லிஸ்ட்டுனு நெனச்சுட்டு உன் உயிர எடுத்திருக்கேன். ஆனா மார்க்கும் வேணும் பாப்பா, பல காலேஜ்ல முதல் கால்வாசிக்குள்ள இருந்தாத்தான் அங்க பேரையே எடுப்பாங்களாம், நீ இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணிருந்தா. சரி விடு. சாப்பிடு மொதல்ல.

ஒண்ணு சொல்லணும். பாட்டி கடைசி ராத்திரி நான் காரிடார்ல ஆபீஸ் கால்ல இருந்தேன்னு எல்லாருக்கும் சொல்லிருக்கேன்ல. கால் எதுவும் வரல. சும்மா ஃபோன காதுல வெச்சுட்டு நின்னேன். எங்கம்மா மூச்சு வாங்குறத பாக்க தைரியமில்ல. கண்ணாடி வழியா நீ அந்த குச்சில இருந்த ஸ்பாஞ்ச தண்ணில நனச்சு நனச்சு பாட்டி ஒதட்டுல வெச்சத பாத்துட்டுதான் இருந்தேன். நீ அப்ப ஃபர்ஸ்ட் இயர். காதுகிட்ட குனிஞ்சு என்னமோ தமிழ்ல பேசின. என்ன பேசினன்னு இன்னிக்கு வரைக்கும் நான் கேக்கல. திரும்பி வர்றப்ப கார்ல நான் உன்கிட்ட கேட்டது, அனாடமி எக்ஸாமுக்கு படிச்சிட்டியான்னு.

அந்த பின்னை குங்கும டப்பா பக்கத்துல வெச்சிருக்கேன், தொடச்சு, காய வெச்சு. துரு புடிக்கல. கோட்ட மட்டும் தபால்ல அனுப்புறேன், பின்னு வேணும்னா நீ வந்து எடுத்துக்கோ. அம்மாவுக்கு இன்னும் சொல்லல, அத நீயே சொல்லு.

டயர மறக்காத.

அப்பா