அன் டெர் ஆல்ட்டன் ஃபோர்ஸ்டெரை கால்பந்து அரங்கத் திருப்பணி நிறைவு அறிக்கை

யூனியன் பெர்லின் கால்பந்துக் கழகத்தின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

2008 ஜூன் மாதம் தொடங்கிய அரங்கத் திருப்பணி, 2013 ஜூலை 12 அன்று புதிய பிரதான பார்வையாளர் தொகுதியின் திறப்போடு நிறைவு பெற்றது. இந்த ஐந்தாண்டுகளில் நடந்தவற்றை, நடக்காமல் போனவற்றையும் சேர்த்து, உறுப்பினர்கள் முன் வைக்கக் கடமைப்பட்டுள்ளோம். கட்டுமானப் பணி என்று எழுதாமல் திருப்பணி என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. கூலி வாங்காமல், விடுப்பு எடுத்து வந்து, மழையிலும் உறைபனியிலும் நின்று செய்த வேலைக்கு வேறு பெயர் எங்களுக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை.

பெர்லினின் தென்கிழக்கே கோப்பெனிக் பகுதியில், வூலே என்னும் சிற்றாற்றின் பக்கம், மரங்களுக்கு நடுவே இருக்கிறது நமது அரங்கம். கோப்பெனிக் ரயில் நிலையத்தில் இறங்கி, மரங்களுக்கிடையே போகும் பாதையில் நடந்து மைதானத்தை அடைவது போட்டி நாளின் ஒரு பகுதியாகவே தலைமுறைகளுக்குப் பழகிப்போயிருக்கிறது. அருகிலிருக்கும் பழைய வனக்காவலர் இல்லம்தான் அரங்கத்துக்குப் பெயர் தந்தது. அந்த இல்லம் இன்று கழகத்தின் அலுவலகமாக இருக்கிறது. 1920 ஆகஸ்டில், அன்றைய ஜெர்மன் சாம்பியனான நியூரம்பெர்க் அணியை அழைத்து, நமது முன்னோடிக் கழகமான யூனியன் ஓபர்ஷோனவைடெ இந்த மைதானத்தைத் திறந்துவைத்தது. அந்தப் போட்டியில் 1–2 என்று தோற்றோம். ஓபர்ஷோனவைடெ ஆலைகள் நிறைந்த ஊர். ஆட்டக்காரர்களும் பார்வையாளர்களும் இரும்போடு உழன்றவர்கள். ‘இரும்பு யூனியன்’ என்ற முழக்கம் அங்கிருந்து வந்தது. 1966 ஜனவரி 20 அன்று இன்றைய பெயரில் கழகம் உருவானபோதும், 1968-இல் கார்ல் சைஸ் யேனா அணியை வென்று கிழக்கு ஜெர்மனியின் கோப்பையைப் பெற்றபோதும், நமக்கு வீடாக இருந்தது இந்த மைதானமே.

ஆனால் வீடு தளர்ந்துவிட்டிருந்தது. மண்ணைக் குவித்து எழுப்பிய மேடுகளில் பதித்த நிற்கும் படிகள் விளிம்புடைந்து, வெடிப்புகளில் புல் முளைத்து, மழை நாளில் கால் வைக்க அஞ்சும் நிலைக்கு வந்திருந்தன. மூன்று பக்கங்களிலும் கூரை இல்லை. மேல்நிலைப் போட்டிகளுக்குத் தேவையான பாதுகாப்பு விதிகளை அரங்கம் நிறைவு செய்யவில்லை. சிறப்பு அனுமதிகளின் பேரில்தான் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அனுமதி நின்றுவிட்டால் வேறு மைதானத்துக்குப் போக வேண்டும். போனால் திரும்பி வருவோமா என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. முழுத் தொகையும் கொடுத்துக் கட்டுமானத்தை ஒப்பந்தத்தில் விடக் கழகத்தின் கையில் பணமும் இல்லை. 2004-இல் லீக்கில் ஆடும் உரிமத்துக்கான தொகையைத் திரட்ட நமது உறுப்பினர்களும் ரசிகர்களும் இரத்த தானம் செய்து, அதற்குக் கிடைத்த பணத்தைக் கழகத்திடம் கொடுத்தது அனைவருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு நான்காம் நிலைப் போட்டி வரை இறங்கி மீண்டு வந்த கழகம் இது. பணத்தைவிட ஆட்களே நம்மிடம் அதிகம் என்ற கணக்கில்தான் நாமே கட்டுவது என்ற முடிவு எடுக்கப்பட்டது.

அந்தக் கணக்கு பொய்க்கவில்லை. 2008 ஜூன் முதல் 2009 ஜூலை வரையிலான பதின்மூன்று மாதங்களில் 2,333 பேர், மொத்தம் 1,40,000 மணி நேரம், ஊதியமின்றி உழைத்திருக்கிறார்கள். ஆளுக்குச் சராசரி அறுபது மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஆள் ஒரு நாள் கூட ஓய்வெடுக்காமல் ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டுகள் செய்ய வேண்டிய வேலை இது. சராசரி என்பது எப்போதும் சிலரை மறைத்துவிடும். ஒரு சனிக்கிழமை மட்டும் வந்து செங்கல் சுமந்தவரும் இந்த எண்ணிக்கையில் இருக்கிறார். வேலையில்லாத காலத்தில் தினமும் காலையில் முதல் ஆளாக வந்து வாயிலில் நின்றவரும் இருக்கிறார்.

எஃகுக் கூரையையும் பளு தூக்கும் வேலைகளையும் அத்தொழில் தெரிந்த நிறுவனங்களே செய்தன. பழைய படிகளைப் பெயர்ப்பது, இடிபாடுகளை அகற்றுவது, மண்ணைச் சமப்படுத்துவது, பலகை அடிப்பது, கம்பி கட்டுவது, கலவை போடுவது, வண்ணம் பூசுவது ஆகியவற்றில் தன்னார்வலர்கள் நின்றார்கள். கட்டடத் தொழில் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கணக்கர், ஆசிரியர், ஓய்வுபெற்றோர், மாணவர் என்று பலரும் அந்தப் பதின்மூன்று மாதங்களில் முதன்முறையாகக் கடப்பாரை பிடித்தார்கள். கலவை வண்டியைப் பலகைப் பாதையில் தள்ளும்போது சக்கரம் பக்கவாட்டில் இறங்காமலிருக்க, பிடியை இடுப்போடு அணைத்துக்கொண்டு பார்வையை நான்கடி முன்னே வைக்க வேண்டும் என்பதை, எழுபதைக் கடந்த உறுப்பினர் ஒருவர், புதிதாக வந்த இளைஞர் ஒவ்வொருவருக்கும் தாமே தள்ளிக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்ததை நாங்கள் பலமுறை பார்த்தோம். அவர் சிறுவயதில் நின்று ஆட்டம் பார்த்த படியைத்தான் அன்று பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை செய்தவர்களுக்குச் சமைத்துப் போட்டவர்களும் காப்பி கொண்டுவந்து கொடுத்தவர்களும் செய்த உதவி கட்டுமானத்தில் கண்ணுக்குத் தெரியாது. அவர்கள் இல்லாமல் அந்தக் குளிர்காலத்தைக் கடந்திருக்க முடியாது என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

குளிர்காலம் எங்கள் திட்டத்தைப் புரட்டிப் போட்டது. உறைநிலைக்குக் கீழே கலவையிலுள்ள நீர் உறைந்துவிடும், சிமெண்ட் பிடிக்காது. அவசரப்பட்டுப் போட்ட கான்கிரீட் வசந்தத்தில் உதிரும். எனவே குளிர் கடுமையாக இருந்த நாட்களில் கலவை வேலையை நிறுத்தினோம். பருவத்தின் நடுவிலேயே வீடு திரும்பிவிடலாம் என்று உறுப்பினர்களுக்குக் கொடுத்திருந்த நம்பிக்கையை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. தொடக்கத்திலேயே கால அளவைத் தாராளமாகச் சொல்லியிருக்க வேண்டும். அது குழுவின் தவறு. வேலைக்கு வந்தவர்களின் தவறு அல்ல.

இந்தத் தாமதத்தின் சுமையை அணியும் ஆதரவாளர்களும் சேர்ந்து சுமந்தார்கள். 2008–09 பருவத்தில் நமது அணி பிரென்ஸ்லாவர் பெர்க் பகுதியிலுள்ள ஃப்ரீட்ரிக் லுட்விக் யான் விளையாட்டுத் திடலில் ஆட நேர்ந்தது. 1979 முதல் 1988 வரை தொடர்ந்து பத்து முறை கிழக்கு ஜெர்மன் சாம்பியனான, நமது நெடுநாள் போட்டிக் கழகமான டைனமோ நெடுங்காலம் ஆடிய இடம் அது. அந்தப் பத்தாண்டுகளில் எதிரணி ஆதரவாளர்களாக அங்கே போய் நின்றவர்களுக்கு, அதையே சொந்த மைதானம் என்று சொல்லி நுழைவது எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும் என்பதை எழுதித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் வந்தார்கள். காலையில் கோப்பெனிக்கில் கலவை சுமந்து, பிற்பகலில் நகரைக் கடந்து போய் அணிக்குக் குரல் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பருவம்தான் புதிதாகத் தொடங்கிய மூன்றாம் நிலை லீக்கின் முதல் பருவம். அதில் நமது அணி முதலிடம் பெற்று இரண்டாம் நிலைக்கு உயர்ந்தது.

2009 ஜூலை 8 அன்று ஹெர்தா பெர்லின் அணியை விருந்தினராக அழைத்துப் புதிய படிகளைத் திறந்தோம். நகரம் பிரிந்திருந்த காலத்தில் சுவருக்கு அப்பால் இருந்த கழகம் ஹெர்தா. சுவர் திறந்த சில வாரங்களில், 1990 ஜனவரியில், ஒலிம்பிக் அரங்கத்தில் இரு அணிகளும் நட்புப் போட்டி ஆடியபோது ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடினார்கள். திறப்பு விழாவுக்கு வேறு எந்த அணியையும் நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. 3–5 என்று தோற்றோம். ஆட்டம் முடிந்த பிறகும் பலர் வீடு செல்லவில்லை. தாங்கள் பலகை அடித்த படி எது, தாங்கள் வண்ணம் பூசிய கம்பி எது என்று குடும்பத்தாருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் கட்டம் பிரதான பார்வையாளர் தொகுதி. இதில் உடலுழைப்பைவிடப் பணமே பெரிதாகத் தேவைப்பட்டது. அரங்கத்தின் பெயரை ஒரு நிறுவனத்துக்கு விற்றிருந்தால் ஒரு பகுதி வந்திருக்கும். அந்த வழியில் போகவில்லை. அதற்குப் பதில், 2011 டிசம்பர் முதல், அரங்கத்தை நடத்தும் நிறுவனத்தின் பங்குகள் பங்கு ஒன்றுக்கு 500 யூரோ வீதம் வழங்கப்பட்டன. ஒருவருக்குப் பத்துப் பங்குகளுக்கு மேல் இல்லை என்ற வரம்பும் வைக்கப்பட்டது. ‘எங்கள் ஆன்மாவை விற்கிறோம், ஆனால் எல்லோருக்கும் அல்ல’ என்பதே அந்த முயற்சியின் விளம்பர வாசகம். அது வெறும் விளம்பரம் என்று நினைத்தவர்கள், பங்கு விற்பனை விதிகளை ஒரு முறை படித்துப் பார்க்கலாம்.

வழங்கிய பங்குகள் 10,000. விற்றவை ஏறத்தாழ 5,500. நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் வாங்கினார்கள். திரண்டது ஏறத்தாழ 27 லட்சம் யூரோ. நாங்கள் எதிர்பார்த்ததில் பாதியைச் சற்றே தாண்டியது. தொகுதியின் செலவு சுமார் 1.5 கோடி யூரோ என்னும்போது, பங்குகளால் வந்தது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எஞ்சியதைக் கழகமே தோளில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. வரும் ஆண்டுகளின் வருவாயிலிருந்து அது தீர வேண்டும். இந்த எண்களை மங்கலாகச் சொல்ல நாங்கள் விரும்பவில்லை. அதே சமயம், ஒரு பங்கு மட்டும் வாங்கியவர்களே பெரும்பாலோர் என்பதையும் இந்த எண்களிலிருந்து உறுப்பினர்கள் கண்டுகொள்ளலாம். சிலர் நிறைய வாங்கிய அரங்கமல்ல இது. பலர் சிறிது சிறிதாக வாங்கியது.

தொகுதி சிவந்த செங்கல் முகப்போடு, வளைவுச் சாளரங்களோடு எழுந்திருக்கிறது. கண்ணாடியும் உலோகத் தகடுமாகக் கட்டுவது இன்றைய வழக்கம். ஓபர்ஷோனவைடெயின் பழைய ஆலைக் கட்டடங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இந்த முகப்பு அந்நியமாகத் தெரியாது. உள்ளே 3,617 இருக்கைகள். அரங்கம் முழுவதும் சேர்ந்து ஏறத்தாழ 22,000 பேருக்கு இடம். அவர்களில் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நின்றே பார்ப்பார்கள். மற்ற மூன்று பக்கங்களிலும் நிற்கும் படிகள் அப்படியே தொடர்கின்றன. இருக்கைகளைக் கூட்டினால் நுழைவுச் சீட்டின் விலையைக் கூட்டலாம் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. நிற்கும் படியில்தான் தந்தை மகனை முன்னே நிறுத்திப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார். பக்கத்தில் நிற்பவர் யார் என்று தெரியாமலே கோலுக்குக் கட்டிக்கொள்கிறார்கள். இந்தக் கருத்தில் குழுவுக்குள் இரண்டு எண்ணம் இருந்ததில்லை.

2013 ஜூலை 12 அன்று கிளாஸ்கோவின் செல்டிக் அணி வந்து ஆட, தொகுதி திறக்கப்பட்டது. நெடுநாள் கழகத்தோடு இருந்தவர்களில் சிலர் அன்றும் இருக்கையில் அமராமல், எதிர்ப்பக்கத்துப் பழகிய படியிலேயே நின்று புதிய முகப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால்தான் அது முழுதாகத் தெரியும்.

மாற்றாமல் விட்டது ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கையால் எண்பலகை மாற்றும் பழைய மதிப்பெண் கூண்டு இருந்தபடியே இருக்கிறது. கோல் விழுந்தவுடன் உள்ளே இருப்பவர் பழைய எண்ணை எடுத்துப் புதியதை மாட்டும் வரை அரங்கம் காத்திருக்கும். அந்தச் சில நொடிகளை இழக்க யாருக்கும் மனமில்லை.

முதல் கட்டத்தில் உழைத்தவர்களுக்காக அரங்கத்தின் வெளியே ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது: பீடத்தின் மேல் பெரிய சிவப்புத் தலைக்கவசம், கட்டடத் தொழிலாளர் அணிவது. பீடத்தில் உழைத்தோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆட்ட நாட்களில் விரலால் வரிகளைத் தடவிக்கொண்டே போய்த் தம் பெயரில் விரலை நிறுத்துபவர்களை அங்கே காணலாம். இத்தகைய அறிக்கைகளின் முடிவில் உழைத்தோர் பட்டியலை இணைப்பது முறை. இந்த அறிக்கைக்கு அந்தப் பீடத்தையே இணைப்பாகக் கொள்ளுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

திருப்பணிக் குழு