ரூலட் சுற்று ஒன்றின் முடிவு பதிவில் மாற்றப்பட்டமையும் பழைய பதிவுகள் மறுக்கப்பட்டமையும் தொடர்பான முறைப்பாடு

திருகோணமலை,
24.11.2025.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் முறைப்பாட்டுப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

தங்கள் இணையக் கசினோவில் பதினான்கு மாதங்களாகக் கணக்கு வைத்திருக்கும் நான், இம்மாதம் 6ஆந் திகதி வியாழக்கிழமை இரவு 10.47 மணியளவில் நேரலை ரூலட் மேசையில் நடந்த ஒரு சுற்றின் முடிவு, சுற்று முடிந்த பின்னர் எவ்விதக் குறிப்புமின்றி மாற்றப்பட்டிருப்பதையும், அதைச் சரிபார்க்கத் தேவையான பதிவுகளைத் தாங்கள் தர மறுப்பதையும் இக்கடிதத்தின் மூலம் முறையிடுகிறேன். உதவி அரட்டையில் நான்கு தடவை எழுதினேன். நான்கு தடவையும் ஒரே பதிலே வந்தது. அதனாலேயே கடிதமாக எழுத வேண்டியதாயிற்று.

அச்சுற்றில் சிவப்பின் மீது 1,500 ரூபாவும் 19ஆம் எண்ணின் மீது 200 ரூபாவும் கட்டியிருந்தேன். சுழலும் சக்கரத்தில் ஓடிய பந்து வேகம் குறைந்து இரண்டு இடங்களில் பட்டுத் தெறித்து, 19க்கும் 4க்கும் நடுவிலுள்ள தடுப்பின் மேல் ஒரு கணம் தயங்கி, 19இன் குழிக்குள் விழுந்ததைக் கைத்தொலைபேசித் திரையில் பார்த்தேன். டீலர் பெண்மணி "நைன்டீன், ரெட்" என்று சொன்னார். மேலே ஓடும் எண் வரிசையில் 19 சிவப்பாக வந்து நின்றது. அதன் பிறகு அவர் காதில் மாட்டியிருந்த கருவியைத் தொட்டுக்கொண்டு பக்கவாட்டில் யாரையோ பார்த்தார். காத்திருக்குமாறு கூறும் வாசகத்துடன் படம் மறைந்தது. ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் அடுத்த சுற்றுக்குப் பந்தயம் கட்டச் சொல்லித் திரை மீண்டது. எண் வரிசையில் 19 இருந்த இடத்தில் இப்போது 4 இருந்தது, கறுப்பாக. எனது 1,700 ரூபாவும் தோற்றதாகக் கழிக்கப்பட்டிருந்தது. 19 செல்லுபடியாகியிருந்தால் தனி எண்ணுக்கு ஒன்றுக்கு முப்பத்தைந்தும் சிவப்புக்கு ஒன்றுக்கு ஒன்றுமாக, கட்டிய பணத்துடன் சேர்த்து 10,200 ரூபா எனக்குத் திரும்பி வந்திருக்க வேண்டும்.

நான் பிழையாகப் பார்த்திருக்கக் கூடும் என்பதை மறுக்கவில்லை. ஒற்றைப் பூச்சியமுள்ள சக்கரத்தில் 19க்கு ஒரு பக்கம் 15உம் மறு பக்கம் 4உம் இருக்கின்றன, இரண்டும் கறுப்பு. பக்கத்துக் குழியைக் கருவி தவறாக வாசிப்பதும், டீலர் அவசரத்தில் தவறாகச் சொல்வதும், மேற்பார்வையாளர் அதைத் திருத்துவதும் நடக்கக் கூடியவையே. ஆனால் அதே நிமிடத்தில் மேசை அரட்டையில் இருந்த வேறு இரண்டு ஆட்டக்காரர்களும் 19 என்றே எழுதியிருந்தார்கள். அதன் ஸ்கிரீன்ஷொட்டை இணைத்திருக்கிறேன். இணைப்புத் துண்டிக்கப்பட்டதால் எனக்குப் படம் தவறாகத் தெரிந்திருக்கலாம் என்று தங்கள் ஊழியர் ஒருவர் எழுதினார். நவம்பர் மழைக்கு இணைப்பு விழுவது எங்கள் ஊரில் புதினமல்ல. எனினும் அன்றிரவு மழை விட்டிருந்தது. படம் மறைந்திருந்த அந்த ஒரு நிமிடமும் அரட்டை வரிகள் ஓடிக்கொண்டேயிருந்தன.

திருத்தம் சரியாகவே இருந்தாலும், அது பதிவேட்டில் திருத்தமாகத் தெரியவில்லை என்பதே எனது முதல் முறைப்பாடு. நான் துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் லொறிகளை நிறுக்கும் இடத்தில் இருபத்திரண்டு வருடங்கள் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவன். 14,320 கிலோவை 14,230 என்று எழுதிவிட்டால் அழிறப்பரைத் தொடக் கூடாது. பிழையான எண்ணின் மேல், அது வாசிக்கத் தெரியும்படி, சிவப்புப் பேனையால் ஒரே கோடு; மேலே சரியான எண்; ஓரத்தில் எனது சுருக்கொப்பமும் சாரதியின் சுருக்கொப்பமும். எந்தச் சாரதியும் மறுநாள் வந்து கேட்டால் ஏட்டைத் திருப்பிக் காட்ட முடிந்தது. தங்கள் பதிவிலோ முதலில் 19 காட்டப்பட்டது என்பதற்கோ, யார், எத்தனை மணிக்கு, எந்தக் காரணத்தால் அதை 4 ஆக்கினார் என்பதற்கோ ஓர் அடையாளமும் இல்லை. அப்படி ஒரு சுற்று நடக்கவே இல்லை என்று நாளைக்குச் சொன்னாலும் மறுத்துக் காட்ட என்னிடம் சுற்று இலக்கம்கூட இல்லை. அதுவும் வாடிக்கையாளருக்குத் தெரியும் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

இரண்டாவது முறைப்பாடு, பதிவுகள் எவ்வளவு காலம் காட்டப்படுகின்றன என்பது பற்றியது. இவ்வாண்டு ஆகஸ்ட் வரை எனது பந்தய வரலாற்றை ஒரு வருடம் பின்னோக்கிப் பார்க்கவும் கோப்பாகத் தரவிறக்கவும் முடிந்தது. இப்போது முப்பது நாட்களுக்கு முந்தியது எதுவும் இல்லை. தரவிறக்கும் பொத்தானும் இல்லை. அதே வேளை, மேசையில் கடைசி 500 சுற்றுகளில் எந்த எண் சூடு (அடிக்கடி வந்தது), எந்த எண் குளிர் (அரிதாக வந்தது) என்பது வர்ணப் படமாக எந்நேரமும் மின்னிக்கொண்டிருக்கிறது. அடுத்த பந்தயத்துக்கு ஆட்டக்காரரைத் தூண்டும் வரலாறு தாராளமாகக் கிடைக்கிறது. அவர் எவ்வளவு தோற்றார் என்று சொல்லும் வரலாறு மட்டும் ஏன் சுருங்கியது என்பதற்கு எனக்கு விடை தெரியவில்லை.

இதற்கு வந்த பதில்தான் என்னை மிகவும் வருத்தியது. "முந்தைய முடிவுகள் அடுத்த முடிவைப் பாதிப்பதில்லை, எனவே பழைய பதிவுகளால் தங்களுக்குப் பயனில்லை" என்று எழுதி, பொறுப்புடன் விளையாடுவது பற்றிய ஒரு பக்கத்தையும் அனுப்பினார்கள். அதன் முன்பாதி எனக்குத் தெரியாததல்ல. 37 குழிகளில் 18 சிவப்பு. பத்து முறை கறுப்பு வந்தாலும் பதினோராவது முறை சிவப்புக்கு வாய்ப்பு அதே 18/37, அதாவது 48.65 சதவீதமே. 1913 ஆகஸ்ட் 18இல் மொனாக்கோவின் மொன்டே கார்லோ கசினோவில் கறுப்பு தொடர்ந்து 26 தடவை விழுந்தபோது, இனிச் சிவப்புத்தான் என்று நம்பிப் பணத்தைக் கொட்டியவர்களின் கதையையும் அறிவேன். நான் அடுத்த எண்ணைக் கணிக்கப் பதிவு கேட்கவில்லை. நடந்து முடிந்த ஒரு சுற்றுக்கு எனக்குச் சரியான கணக்குத் தீர்க்கப்பட்டதா என்று பார்க்கவே கேட்கிறேன். வங்கியில் போன மாதக் கூற்றைக் கேட்பவரிடம், அது அடுத்த மாதச் சம்பளத்தைக் கூட்டாது என்று யாரும் பதில் சொல்வதில்லையே!

பழைய முடிவுகளை ஆராய்வதில் வேறொரு பயனும் உண்டு. மொன்டே கார்லோ ரூலட் முடிவுகளாகப் பத்திரிகையில் வெளிவந்த எண்களைக் கார்ல் பியர்சன் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஆராய்ந்து, அவை தற்செயலுக்கு ஒவ்வாதவை என்று 1894இல் எழுதினார். செய்தியாளர்கள் மேசைக்குப் போகாமலே எண்களை இட்டுக்கட்டியிருந்தார்கள் என்பது அதற்குப் பின்னாளில் சொல்லப்படும் காரணம். எண்கள் கையில் இருந்தபடியால்தான் அந்தக் கேள்வி எழுந்தது. நேரலை மேசையிலாவது பார்ப்பதற்கு ஒரு சக்கரம் இருக்கிறது. கணினியே எண்ணைத் தரும் ஆட்டங்களில் பதிவைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

பொய்க் குற்றம் சாட்டுபவன் என்று என்னை எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன். நான் ஒரு சீ.ஆர். கொப்பியில் திகதி, நேரம், எண், கட்டிய தொகை, வந்த தொகை என்று கோடிட்டு எழுதி வருகிறேன். அதிலுள்ள 1,110 சுற்றுகளில் பூச்சியம் 27 தடவை வந்திருக்கிறது. 37இல் ஒன்று என்ற கணக்குப்படி 30ஐ எதிர்பார்க்கலாம், எனவே சந்தேகப்பட எதுவுமில்லை. மொத்தம் 184,500 ரூபா கட்டி 7,350 ரூபா தோற்றிருக்கிறேன். சக்கரத்தில் கசினோவுக்கு நிற்கும் பங்கு 2.7 சதவீதம் என்பதால் ஏறத்தாழ 5,000 ரூபா போவது நியாயம். மிச்சம் எனது நேரம். மாத முடிவில் இந்தத் தொகையைக் கூட்டி வீட்டுக்காரியிடம் காட்டுவது எங்களுக்குள் உள்ள ஏற்பாடு. வென்ற இரவு தானாகவே ஞாபகம் இருக்கும், தோற்றதைக் கொப்பிதான் ஞாபகப்படுத்துகிறது. எனது கொப்பியைத் தங்கள் பதிவுடன் ஒத்துப் பார்த்து வந்த வழி இப்போது அடைபட்டிருக்கிறது.

ஒத்துப் பார்க்கும்போது இன்னொரு குழப்பமும் வந்தது. தங்கள் வரலாற்றுப் பக்கம் கிரீன்விச் நேரத்தைக் காட்டுகிறது, ஆனால் அப்படி என்று எங்கும் எழுதப்படவில்லை. நான் 10.47க்கு விளையாடியது அங்கே 17:17 என்று இருக்கிறது. இரவு பன்னிரண்டுக்குப் பின்னும் காலை ஐந்தரைக்கு முன்னும் கட்டியவை எல்லாம் முந்திய நாளுக்குப் போய்விடுகின்றன. மாதத்தின் முதலாந் திகதி அதிகாலையில் கட்டிய பந்தயம் முந்திய மாதக் கணக்கில் விழுவதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாலைகள் பிடித்தன.

ஆகவே அந்தச் சுற்றின் இலக்கம், முதலில் வாசிக்கப்பட்ட எண், திருத்தப்பட்ட எண், திருத்திய நேரம், காரணம் ஆகியவற்றை எழுத்தில் தருமாறும், அந்தச் சுற்றின் ஒளிப்பதிவை அழிக்காமல் வைத்திருந்து நான் பார்க்க அனுமதிக்குமாறும், எனது பதினான்கு மாதப் பந்தய வரலாற்றை இலங்கை நேரத்துடன் ஒரு கோப்பாக அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறேன். ஒளிப்பதிவில் பந்து 4இல் கிடந்தால் 1,700 ரூபாவைப் பற்றி மறுபேச்சுப் பேச மாட்டேன். 19இல் கிடந்தால் 10,200 ரூபாவை வரவு வைக்க வேண்டும். பந்து எங்கே நின்றது என்று தங்களாலும் சொல்ல முடியாவிட்டால், சுற்றைச் செல்லாததாக்கிக் கட்டியதைத் திருப்பித் தருவதே முறை.

ஐக்கிய இராச்சியத்தின் சூதாட்ட ஆணைக்குழு, வாடிக்கையாளர் தமது முந்தைய ஆட்டங்களையும் கணக்கின் கொடுக்கல் வாங்கல்களையும் மீளப் பார்க்கும் வசதியைத் தனது தொழில்நுட்பத் தரநிலைகளில் நிபந்தனையாகவே வைத்திருக்கிறது. இலங்கையிலும் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகார சபையை அமைக்கும் சட்டம் 2025இல் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. தங்கள் தளத்தின் அடியில் ஓர் அனுமதிப்பத்திர இலக்கமும் அச்சிடப்பட்டிருப்பதால், பத்து நாட்களுக்குள் பதில் கிடைக்காவிட்டால் அதை வழங்கியவர்களுக்கு இக்கடிதத்தின் பிரதியை அனுப்புவேன்.

முப்பது நாள் கணக்கின்படி டிசம்பர் 6ஆந் திகதியுடன் அந்த வரி எனது திரையிலிருந்து மறைந்துவிடும் என்பதைக் கவனத்திற் கொள்ளவும். கொப்பியின் அந்தப் பக்கத்தையும் படமெடுத்து இணைத்திருக்கிறேன்; அதில் 19 என்று எழுதி, மேலே கோடிட்டு, பக்கத்தில் 4 என்று எழுதியிருப்பது எனது கையே.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
கணக்கு உரிமையாளர்
(பெயரும் கணக்கு இலக்கமும் இணைப்பில்)