மாமாங்கக் குளமும் யோகட் கப்பும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை. "என்னகா, இருக்கியா செத்தியா?" என்று நீ கேட்பது இங்கே எனக்குக் கேட்கிறது. ஆடி அமாவாசைக்கு உன் திருக்கோவில் ஊருக்கு வரச்சொல்லி இந்த வருஷமும் எழுதியிருந்தாய். அன்றைக்கே இங்கே மட்டக்களப்பு மாமாங்கத்திலும் தீர்த்தம். அம்மா விடுவாவா? தாழங்குடாக் கல்வியியற் கல்லூரி விடுதியில் தொடங்கிய வழக்கு இது. உன் முருகனும் என் மாமாங்கேஸ்வரரும் தங்களுக்குள் பேசி நாளை மாற்றினால்தான் தீரும்.

அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. நான் இன்னும் வலையிறவுப் பாலம் கடந்து, வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போய்வருகிறேன். மாரியில் மட்டும்தான் கஷ்டம்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். வெறுமையாய்க் கிடந்த களஞ்சிய அறையைத் துப்புரவாக்கி "ஆரம்பப் பிரிவுக்குச் சித்திர அறை நடத்துங்கோ ரீச்சர்" என்று அதிபர் திறப்பைத் தந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். 38 பிள்ளைகளையும் சாயத்தையும் ஓர் அறைக்குள் எப்படி வைத்திருப்பது என்று கேட்டாய். எனக்கும் இதே கதைதான். சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் என்று பிரித்து எடுப்பதெல்லாம் தரம் 6இலிருந்துதானே. கீழே வகுப்பு ரீச்சர்தான் எல்லாம். அதிலும் தரம் 5 வந்தால் புலமைப்பரிசில் பரீட்சை. "படம் கீறினா புள்ளி வருமா?" என்று ஒரு தாய் வாசலில் நின்றே கேட்டா.

முதல் தவணை முழுக்க நான் கத்தினேன். உண்மையைச் சொன்னால் மத்தியானம் வீட்டுக்கு வரும்போது குரல் இருக்காது. பிள்ளைகள் குழப்படி என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு ஒருநாள் கணுக்கால் சுளுக்கி, ஒரு பாடவேளை முழுக்கக் கதிரையை விட்டு எழும்ப முடியாமல் இருந்தேன். அன்றைக்குத்தான் அறையைப் பார்த்தேன். கீறிக்கொண்டிருக்கிற பிள்ளை ஒருவரோடும் சண்டை பிடிக்கவில்லை. நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு தன்பாட்டில் இருக்கிறது. சண்டை எல்லாம் தண்ணீர் வாளியடியில். ஒரேயொரு வாளி, அதைச் சுற்றிப் பதினைந்து பேர், கையில் சொட்டுகிற பிறஷ்ஷோடு. காத்துநிற்கிற கைதான் அடுத்தவனின் வெள்ளைச் சட்டையில் கோடு போடுகிறது.

அதன்பிறகு வாளியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டேன். மேசைக்கு ஆறு பேர், மூன்று யோகட் கப். பிள்ளைகள் உள்ளே வருவதற்கு முன்பே கப்பில் அரைவாசி தண்ணீர் நிற்கும். அரைவாசிதான், நிறைத்தாயோ முடிந்தது. அடியில் ஒரு கூழாங்கல் போட்டுவிடு, லேசில் சாயாது. மேசைக்கு ஒரு தண்ணிக்காரர், ஒரு துணிக்காரர்; கிழமைக்குக் கிழமை மாறும். வகுப்பிலேயே பெரிய குழப்படிக்காரன் தண்ணிக்காரராக இருந்த கிழமை, அந்த மேசையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை என்றால் நம்புவாயா?

கச்சான் காற்றுக் காலத்தில் இன்னொரு கூத்து. யன்னலைத் திறந்தால் கடதாசி பறக்கும், பூட்டினால் அவியும். ஆளுக்கு நாலு மட்டிச் சிப்பி கொடுத்திருக்கிறேன், மூலைக்கு ஒன்று. அதையும் வைத்து விளையாடுவார்கள்தான். விளையாடட்டும்.

பாடவேளை 40 நிமிஷம் என்று எழுதித்தான் இருக்கிறது. கீறுவதற்கு 25 வரும். கடைசிப் பத்தைத் துப்புரவுக்கு விட்டுவிடு. "இன்னும் கொஞ்சம் ரீச்சர்" என்று கெஞ்சுவார்கள், இரங்காதே. இரங்கினால் அடுத்த பாடத்து ரீச்சர் வந்து நிற்கும்போது நீதான் தனியாகத் தும்புத்தடியோடு நிற்பாய். நிறுத்துவதற்கு நான் கத்துவதில்லை. வாணி விழாச் சாமான் பெட்டிக்குள் ஒரு சோடிச் சல்லாரித் தாளம் கிடந்தது. அது ஒருமுறை ஒலித்தால் பிறஷ் கப்புக்குள், கை மேலே. பழக்க இரண்டு கிழமை எடுத்தது. பிரம்பு இல்லாமல் முடியுமா என்று பக்கத்து வகுப்பில் இன்னும் சிரிக்கிறார்கள். அடிக்கக்கூடாது என்கிற 2016ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையை நீட்டி வாதாட எனக்குப் பொறுமையில்லை. வந்து பாருங்கோ என்று மட்டும் சொல்வேன்.

சத்தம் இருக்கும். அது வேறு. "உன்ட மாடு என்ன பச்சையாக் கிடக்கு?" "அது புல்லுத் திண்டிருக்கு." இதை அடக்கி என்ன காணப்போகிறோம்?

அழிறப்பரை வாசலில் ஒரு ரின்னுக்குள் போடவைக்கிறேன். முதலில் அழுதார்கள். றப்பர் இருந்தால் ஒரு வட்டத்தை அரை மணித்தியாலம் அழித்தழித்தே கடதாசியை ஓட்டையாக்குவார்கள். மூன்றே நிமிஷத்தில் "முடிச்சிட்டன் ரீச்சர்" என்று வருகிறவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் வடிவாயிருக்கு என்று சொல்லி அனுப்பாதே. "இதுக்குள்ள இன்னும் ஆர் வரயில்ல?" என்று கேள். யோசித்துக்கொண்டே திரும்பிப் போவார்கள்.

இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஓலைவீடு. இந்தப் படத்திலிருந்து நீயும் தப்பமாட்டாய். எனக்கு அலுத்துப்போய் ஒருநாள், "எழுவான்கரைப் பக்கம் வாவிக்கு மேலாலதானே உங்களுக்குச் சூரியன் வருது, மலை எங்க கண்ட மனே?" என்று கேட்டுவிட்டேன். ஒரு சிறுவன் நிமிர்ந்தே பார்க்காமல், "அம்மம்மா வீட்ட போனா குடும்பிமலை தெரியும்" என்றான். எனக்கு வாயடைத்துப் போயிற்று. ஆனால் அவனுக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். அடுத்த கிழமை அவன் கீறியது ஒற்றை மலை, குடும்பி வைத்தது.

மாமாங்கத் திருவிழா முடிந்த கிழமை, தரம் 3 பிள்ளைகளிடம் கண்டதைக் கீறச் சொன்னேன். ஒரு சிறுமி தீர்த்தக்குளத்தை மேலிருந்து பார்த்ததுபோலச் சதுரமாக வைத்து, நாலு கரையிலும் சனத்தைக் கீறியிருந்தாள். எல்லோரின் காலும் குளத்தங்கரையில், தலைகள் நாலு திசையிலும் வெளியே. பார்வையிட வந்த ஒருவர், "இதென்ன, எல்லாரும் செத்துக் கிடக்கிறாங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். பிள்ளை தாளைக் குப்புறப் போட்டுவிட்டது. பிள்ளைகளின் சித்திரம் வயதோடு எப்படி வளரும் என்று எழுதிய விக்டர் லோவன்ஃபெல்ட்டை விடுதியில் நாம் மனப்பாடம் செய்தோமே, நினைவிருக்கிறதா? ஏழு, எட்டு, ஒன்பது வயதில் பிள்ளை நிலத்துக்கு ஒரு அடிக்கோடு போட்டு அதன்மேல் எல்லாவற்றையும் நிறுத்தும். வீட்டுக்குள் நடப்பதைச் சுவர் வழியே காட்டும். இப்படி மடித்து விரித்ததுபோலவும் கீறும். பரீட்சைக்கு எழுதிப் புள்ளி வாங்கினேன். இப்போதுதான் கண்ணால் கண்டேன். அந்தப் பிள்ளை தாளைச் சுற்றிச் சுற்றிக் கீறியிருக்கிறது. ஒவ்வொரு கரைக்கும் போய் நின்று பார்த்திருக்கிறது. அவர் போனபிறகு தாளை அவளுக்கு முன்னால் மெதுவாகச் சுழற்றிக் காட்டினேன். ஒவ்வொரு கரை வரும்போதும் அந்தக் கரைச் சனம் எழுந்து நின்றது. அடுத்த கிழமை மேசைக்கு மேசை எல்லோரும் தாளைச் சுற்றிக் கீறினார்கள், அது வேறு தொல்லை.

இதை எழுதும்போது எனக்கே கூச்சமாயிருக்கிறது. முதல் வருஷம் ஒரு பிள்ளையின் படத்தில் நானே பென்சிலால் கையைத் திருத்திக் கொடுத்தேன். அது நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போய், அந்தக் கையை மட்டும் சாயம் பூசாமல் விட்டிருந்தது. அன்றோடு பிள்ளையின் தாளில் என் கை படுவதில்லை. காட்ட வேண்டுமென்றால் என் தாளில் கீறிக் காட்டுவேன்.

சாயம் வாங்கக் காசில்லை என்றாயே. 2022இல் கடதாசியே கிடைக்காமல் திண்டாடியபோது நான் கண்டுபிடித்தது: செங்கல் தூள், அடுப்புக்கரி, மஞ்சள், பசளிப்பழம். கோதுமைமாப் பசையில் குழைத்தால் ஒட்டும். பசளிப்பழ ஊதா வெயிலில் மங்கிவிடும், பரவாயில்லை. ஒருநாள் ஒரு பிள்ளை அம்மம்மாவின் வெற்றிலை வட்டாவிலிருந்து சுண்ணாம்பு கொண்டுவந்தது. மஞ்சளில் கொஞ்சம் தொட்டேன், சிவந்தது. ஆலத்தித் தண்ணீர் அதுகளுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் தங்கள் கப்புக்குள் நடந்தபோது மூச்சுக்கூடக் கேட்கவில்லை. பிறகு தேசிக்காயைப் பிழிந்தேன். திரும்ப மஞ்சள். சல்லாரி இல்லாமல் அந்த அறை அமைதியானது அன்றைக்கு மட்டும்தான்.

இந்தக் கடிதத்தோடு பசளி விதை கொஞ்சம் மடித்து வைத்திருக்கிறேன். இப்போதே வேலியோரம் போடு. யோகட் கப்பைக் கழுவி, வெயிலில் காயவைத்துச் சேர். இல்லாவிட்டால் எறும்பு மொய்த்து அதிபர் திறப்பைத் திருப்பிக் கேட்பார். மட்டிச் சிப்பி உன் கடற்கரையில் இல்லாததா?

உன் விடுதி அறைத்தோழி