மோதிரத்தில் நூல்

அன்புள்ள கண்ணா,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். க்ளாஸ்கோவில் குளிர் இன்னும் விட்டிருக்காது. மப்ளரைக் கட்டிக்கொண்டு வெளியே போ.

பொங்கலுக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போது, வாசலில் ஷூ கயிற்றைக் கட்டியபடி "இது அப்பா இல்லம்மா" என்று சொன்னாய். நிமிர்ந்து என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அந்த வார்த்தை என் காதிலேயே கிடக்கிறது. கோபமெல்லாம் இல்லை, கண்ணா. அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்த புதிதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. யாரோ ஒரு வேற்று மனிதருக்குச் சோறு ஊட்டுகிறோம் என்று நினைத்து, ராத்திரி சமையலறையில் நின்று அழுதிருக்கிறேன். உன்னிடம் சொன்னதில்லை.

போன சனிக்கிழமை சாயங்காலம் அப்பா அலமாரியைக் காட்டி "சாவி, சாவி" என்றார். இப்போது அவருக்கு ரிமோட்டும் சாவிதான், மூக்குக்கண்ணாடியும் சாவிதான். இரண்டையும் எடுத்துக் கொடுத்தேன், தலையாட்டிவிட்டார். கடைசியில் எழுந்து போய் உன் 'டாக்டர் ஹூ' டிவி தொடரின் டிவிடி வரிசையிலிருந்து ஒன்றை இடது கையால் உருவி எடுத்தார். 'தி டென்த் பிளானெட்'. நீயும் அவரும் எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்!

2005-இல் உனக்கு ஏழு வயது. மார்ச்சில் தொடர் புதிதாகத் தொடங்கியதிலிருந்து சனிக்கிழமை ஆனால் நீங்கள் இரண்டு பேரும் சோபாவை விட்டு நகர மாட்டீர்கள். சாகிற நிலை வந்தால் டாக்டர் முகமே மாறி வேறு ஆளாகிவிடுவாரே, அப்படி ஜூனில் டாக்டராக நடித்த கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் ஒளிப்பிழம்பாக எரிந்து டேவிட் டென்னன்டாக மாறியதும் நீ தட்டைத் தள்ளிவிட்டு அழுதாய். "இந்த ஆள் வேண்டாம், பழைய டாக்டர்தான் வேண்டும்." அப்போது அப்பா உன்னை மடியில் இழுத்து உட்காரவைத்து, இது முதலில் நடந்தது 1966 அக்டோபர் 29-ஆம் தேதி, இந்த 'தி டென்த் பிளானெட்' கதையில்தான் என்று சொல்லத் தொடங்கினார். நான் அடுப்படியில் பாதி கேட்டும் பாதி கேட்காமலும் இருந்தேன். இந்தத் தடவைதான் பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன்.

முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெலுக்கு அப்போது 58 வயதுதான் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. ரத்தக்குழாய்கள் தடித்துப் போகும் நோய். வசனம் மறந்துபோகும், வார்த்தை இடம் மாறும், நின்று நின்று பேசுவார். மூன்றாவது பாகத்தை எடுத்த வாரம் உடம்புக்கு முடியாமல் வரவேயில்லை. டாக்டர் மயங்கிக் கிடக்கிறார் என்று காட்டி, அவருடைய வசனங்களைப் பெரும்பாலும் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துச் சமாளித்திருக்கிறார்கள். ஹார்ட்னெல் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்று வார்த்தையைத் தேடும்போது, அப்பாவின் உதடும் கூடவே அசைந்தது. அதை நான் பார்த்தேன்.

கதை உனக்கு மனப்பாடம். 1986, தென் துருவத்துப் பனி, அங்கே ஒரு விண்வெளிக் கண்காணிப்பு நிலையம், பூமிக்கு இரட்டையாகப் பிறந்த மொன்டாஸ் கிரகம், முதன்முதலாக வருகிற சைபர்மேன்கள். எழுதியவர்களில் ஒருவரான கிட் பெட்லர் மருத்துவ ஆராய்ச்சியாளராம். உடம்பின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு உதிரி பாகம் மாட்டிக்கொண்டே போனால் மனிதன் என்ன ஆவான் என்ற பயத்தில் பிறந்தவைதான் அவை. எனக்குப் புதிதாகப் பட்டது இதுதான்: அந்த ஒரே கதையில் இரண்டு விதமான மாற்றம் இருக்கிறது. சைபர்மேன்கள் சாகாமல் இருக்க வேண்டும் என்பதற்காக வலியையும் பாசத்தையும் பிடுங்கிப் போட்டவர்கள். டாக்டர் முகம், குரல், உயரம் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார், பாசத்தை மட்டும் விடவில்லை. இத்தனை வருடமாக நான் இதைச் சிறுபிள்ளைக் கதை என்று நினைத்திருந்தேனே!

நான்காவது பாகத்தின் படச்சுருள் தொலைந்துபோனது உனக்குத் தெரியும். யாரோ சில பிள்ளைகள் வீட்டில் டிவி பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்ததால் ஒலி மட்டும் பிழைத்தது. அதன்மேல் வரைந்த அனிமேஷனைத்தான் இந்த டிவிடியில் பார்க்கிறோம். அந்த முகம் மாறுகிற சில நொடிகள் மட்டும் நிஜப் படமாகவே தப்பியிருக்கின்றன, 1973-இல் 'ப்ளூ பீட்டர்' என்ற சிறுவர் நிகழ்ச்சியில் அதைக் காட்டியதால். அவர் தரையில் மல்லாந்து கிடக்கிறார். முகம் வெளுத்து வெளுத்து வெள்ளை வெளிச்சமாகிறது. வெளிச்சம் அடங்கும்போது அங்கே பேட்ரிக் ட்ரௌட்டன். அவ்வளவுதான், பெரிய ஆர்ப்பாட்டம் ஒன்றும் இல்லை. எல்லாம் முடிந்தது என்று டாக்டரோடு பயணம் செய்கிற பென் சொன்னதற்கு, இல்லை, முடியவே இல்லை என்று சற்று முன்னால்தான் பெரியவர் சொல்லியிருந்தார். அந்த இடத்தில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நீ போனில் அப்பாவின் பழைய வாய்ஸ் மெசேஜ்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாய் என்று உன் தங்கை சொன்னாள். கேள், கண்ணா, நானும் கேட்கிறேன். ஆனால் அந்த நான்காவது பாகத்துக்குத்தான் ஒலி மட்டும் மிஞ்சியது. உனக்கு ஆளே இருக்கிறார், சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்த கதையையும் மறுநாள் போட்டோம், 'தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்'. அதில் ஆறு பாகமும் தொலைந்துபோய், அதுவும் அனிமேஷனில்தான். கண் விழித்தவரை, கூடப் பயணம் செய்கிற பாலி பார்க்கிறாள், இவர் டாக்டர்தான் என்று அவள் மனதுக்குப் படுகிறது. பென் ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டரின் மோதிரத்தை எடுத்து, நீ அவர் என்றால் இது உன் விரலுக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று போட்டுப் பார்க்கிறான். மோதிரம் கழன்று விழுகிறது. எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. பொங்கலன்று அப்பாவிடம் "நான் படித்த ஸ்கூல் பேர் சொல்லுங்கப்பா" என்று கேட்டாயே, அவர் திணறத் திணற நீ காத்திருந்தாயே, அதுவும் அந்த மோதிரச் சோதனைதான். பென் கெட்டவன் இல்லை, தெரியுமா? பழைய டாக்டர்மேல் அவ்வளவு பிரியம், அதனால்தான் அத்தனை முரண்டு.

புது டாக்டர் என்ன செய்தார்? கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் ஒரு புல்லாங்குழலை எடுத்து ஊதினார். நம் வீட்டிலும் இப்போது அதுதான். இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொல்லத் தடுமாறுகிற மனிதர், பாட்டு என்றால் முழு வரியையும் தடங்கலில்லாமல் பாடுகிறார். முப்பது வருடத்தில் அப்பா பாடி நீ கேட்டிருக்கிறாயா? நானும் கேட்டதில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண், இப்படி நிறைய பேருக்கு நடக்கும், தொடர்ந்து பாடவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். காலையில் காபி கொடுக்கும்போது நான் முதல் வரியை எடுத்துக் கொடுக்கிறேன், அவர் தொடர்கிறார். அந்தக் குரலை நீ இன்னும் கேட்கவில்லை.

ஈஸ்டருக்கு வா. ஐந்து மணி நேர ரயில்தானே. வந்ததும் அவரை எதுவும் கேட்காதே. பக்கத்தில் உட்கார், டிவிடியைப் போடு. அவர் "சாவி" என்றால் ரிமோட்டை எடுத்துக் கொடு.

இன்னொன்று. அப்பாவின் வலது கை மெலிந்து கல்யாண மோதிரம் நழுவ ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் பாத்திரம் தேய்க்கிற தொட்டியில் கிடந்தது. நகைக்கடையில் கொடுத்துச் சின்னதாக்கலாம் என்றேன், வேண்டாம் என்று கையை மூடிக்கொண்டார். சரி என்று உள்பக்கம் மஞ்சள் நூலைச் சுற்றிச் சுற்றி இறுக்கி, நானே போட்டுவிட்டேன். இப்போது விழுவதில்லை. குளிக்கும்போது நூல் நனைந்து இளகிவிடுகிறது, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியிருக்கிறது. நீ வரும்போது புது நூல் சுற்ற வேண்டிய வாரமாக இருக்கும்.

அம்மா